கடலூரில் பைன் மரம் வளருமா? சவுக்கும் பைன்தானா?

கெடிலக்கரை | சனி, காலை 7.40

போன வாரம் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்வந்தோம். பைன் காட்டுக்குள் நுழைந்ததும் என் மகள் வாயடைத்து நின்றுவிட்டாள். எட்டு வயதுப் பெண் ஐந்து நிமிடம் பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். இறங்கி வரும் வழியில் ஒரு நாற்றுப்பண்ணையில் 'பைன்' என்று சொல்லி விற்றார்கள். மூன்று கன்றுகளை வாங்கி, மடியிலேயே வைத்துக்கொண்டு கடலூர் வரை வந்து சேர்ந்தோம். இப்போது அவை திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் கிணற்றடி நிழலில் இருக்கின்றன.

கொண்டூரில் இருக்கும் பெரிய மாமா பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதற்குக் கொடைக்கானல் வரை போவானேன்? தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் தோப்புத் தோப்பாக நிற்கிறதே. சவுக்குதான் பைன். வெள்ளைக்காரர்கள் அதை ஆஸ்திரேலியப் பைன் என்றுதான் எழுதுகிறார்கள்" என்றார். நான் மறுத்தேன். மறுக்கக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

அவர் சொல்வது சரியா? பைன் குளிர் நாட்டு மரம் என்கிறார்களே, அப்படியென்றால் கொடைக்கானலுக்கு அது எப்படி வந்தது? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மூன்று கன்றுகளும் நம் வெயிலில் பிழைக்குமா? மகள் தினமும் கேட்கிறாள்.

சவுக்குத்தோப்பு | சனி, காலை 8.15

சவுக்கு வைத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மாமா பாதி சரி. வெளிநாட்டில் அந்தப் பெயர் இருப்பது உண்மை. ஆனால் பெயரைத் தவிர வேறு ஒன்றும் பொருந்தாது.

சவுக்கின் 'ஊசி' ஒன்றைப் பறித்துக் கணுவில் இழுத்துப் பாருங்கள், பட்டென்று கழன்றுவரும். திரும்பச் செருகினால் நின்றுகொள்ளும். எந்தக் கணுவில் உடைத்தேன் என்று கண்டுபிடிக்கச் சொல்லிச் சின்ன வயதில் விளையாடியிருக்கிறோம். அது இலையே அல்ல, பச்சைக் குச்சி. இலை என்பது ஒவ்வொரு கணுவிலும் வட்டமாக ஒட்டியிருக்கும் பொடிப் பற்கள்தான்.

எங்கள் பக்கம் நான்கைந்து வருடத்தில் வெட்டுகிறோம். கட்டை காகித ஆலைக்கு டன் கணக்கில் போகும், நேரான கழி சாரம் கட்டவும் பந்தல் போடவும் போகும், மிளார் அடுப்புக்கு. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதே, அன்று என் மூன்று வயதுத் தோப்பு முழுவதும் ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. தலைமுடியைப் படிய வாரிவிட்டதுபோல. வெட்டுக்கூலிகூடத் தேறவில்லை. ஆனாலும் மறுபடி சவுக்குதான் வைத்தேன்.

பழைய வாத்தியார் | சனி, காலை 10.05

தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இந்த இழையைப் பார்த்ததும் சாக்பீஸ் எடுக்கக் கை அரிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சவுக்குத்தோப்புக்காரர் அடித்தளத்தைப் போட்டுவிட்டார். சவுக்கு பூக்கும் தாவரம். மா, வேம்பு, கத்தரிக்காய் இவற்றோடு உறவு. பைன் பூக்காது, கனியாது. விதையைத் திறந்தபடி செதில்மேல் வைத்துக் கூம்பாக அடுக்கி வைத்திருக்கும். சவுக்கின் காய் கூம்புபோல இருப்பது வெறும் தோற்றம். உறவு முறையில் பார்த்தால் சவுக்குக்குப் பைனைவிடப் புல்லே நெருக்கம்.

பைனை அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. அதன் ஊசிகள் தனித்தனியாக இருப்பதில்லை, கொத்தாக இருக்கும். அடியில் ஒரு சின்ன உறை, அதற்குள் இருந்து இரண்டோ மூன்றோ ஐந்தோ ஊசிகள். இமயமலையின் சீர் பைனில் மூன்று, நீலப் பைனில் ஐந்து, சுமத்ராவின் மெர்க்கூசிப் பைனில் இரண்டு. தம்பி கெடிலக்கரை, உங்கள் கன்றில் ஒரு கொத்தைப் பிரித்து எண்ணிச் சொல்லுங்கள்.

இனி, பைன் எங்கெங்கே இருக்கிறது என்பது. உலகில் 110க்கும் மேற்பட்ட பைன் இனங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ அத்தனையும் பூமியின் வட பாதியில். நார்வேயில் 70 பாகை வடக்கு வரை ஏறிப்போகிற ஸ்காட்ஸ் பைன், ஸ்காட்லாந்தில் தொடங்கிக் கிழக்குச் சைபீரியா வரை நீள்கிறது. மெக்சிகோவில் உள்ள வகைகளை எண்ணி முடிக்கவே ஒரு நாள் வேண்டும். கலிபோர்னியாவின் வறண்ட வெள்ளை மலைகளில் 4,800 ஆண்டுகளைத் தாண்டிய பைன் இன்றும் உயிரோடு நிற்கிறது. நம் சங்கப் புலவர்கள் பாடியபோதே அது கிழ மரம். ஆனால் நிலநடுக்கோட்டைத் தானாகத் தாண்டித் தெற்கே கால்வைத்தது ஒரே ஒரு பைன்தான்: நான் சொன்ன அந்த மெர்க்கூசி. அதுவும் சுமத்ராவின் கெரிஞ்சி மலைப்பக்கம் சுமார் இரண்டு பாகை தெற்கே, அவ்வளவோடு நின்றுவிட்டது.

காரணம் குளிர் அல்ல. தெற்கிலும் குளிர்ந்த மலைகள் இருக்கின்றன. பைன் தோன்றியது பழைய வட பெருநிலத்தில். அப்போது நாம், அதாவது இந்தியா, தென் பெருநிலத்தில் ஆப்பிரிக்காவோடும் அண்டார்க்டிகாவோடும் ஒட்டிக்கொண்டிருந்தோம். பிறகு பிரிந்து வடக்கே நகர்ந்து ஆசியாவில் முட்டினோம், இமயம் எழுந்தது, பைன்கள் அந்தப் புது மலைகளில் குடியேறின. அங்கிருந்து இறங்கித் தக்காணச் சமவெளியின் வெக்கையைக் கடந்து நீலகிரிக்கு வர அவற்றால் முடியவில்லை. ஆகவே விந்தியத்துக்குத் தெற்கே இயற்கையாக முளைத்த பைன் ஒன்றுகூடக் கிடையாது. கொடைக்கானலில் நீங்கள் பார்த்தது முழுக்க மனிதர்கள் நட்டது.

கெடிலக்கரை | சனி, மதியம் 12.30

ஐயா, நன்றி. கொத்தைப் பிரித்து எண்ணலாம் என்று போனால் கொத்தே இல்லையே! ஊசி சிறியதாக, வளைந்து, கிளையைச் சுற்றி நெருக்கமாக ஒட்டியிருக்கிறது. கிளைகள் குடைக்கம்பிபோலத் தட்டுத் தட்டாக விரிகின்றன. படம் இணைத்திருக்கிறேன்.

உப்பனாறு | சனி, மதியம் 1.10

படத்தை அப்புறம் பார்ப்போம். வாத்தியார் ஐயாவின் பாடத்தை மதிக்கிறேன், ஆனால் 'இயற்கையாக இங்கே கிடையாது' என்பதை ஏதோ குற்றப்பத்திரிகைபோல வாசிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நம் சாப்பாட்டில் மிளகாய் எங்கிருந்து வந்தது? பண்ருட்டிக்குப் பெயர் வாங்கித்தந்த முந்திரி எங்கிருந்து வந்தது? இரண்டும் அமெரிக்கக் கண்டங்களின் சரக்கு. முந்திரி வராமல் இருந்திருந்தால் நம் மாவட்டத்துச் செம்மண் காடுகளில் எத்தனை குடும்பம் என்ன செய்திருக்கும்?

பைனையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ரேடியேட்டா பைன் கலிபோர்னியக் கரையில் மூன்று துண்டு நிலத்திலும் மெக்சிகோவின் இரண்டு தீவுகளிலும் மட்டுமே இருந்த மரம். சொந்த ஊரில் காற்றில் கோணலாக வளரும், பெரிய மதிப்பு கிடையாது. அதைக் கொண்டுபோய் நியூசிலாந்தில் நட்டார்கள். இன்று அந்த நாட்டின் நடுகைக் காடுகளில் பத்தில் ஒன்பது பங்கு அது ஒன்றுதான். சிலி, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, எங்கும் அதுவே. நம் மேகாலயாவின் காசிப் பைன் சாம்பியாவுக்கும் மடகாஸ்கருக்கும் போய்த் தோட்டமாக நிற்கிறது. மரம் ஊர்விட்டு ஊர் போனால் பிழைக்காது என்றால் இதெல்லாம் என்ன?

குன்றும்குளிரும் | சனி, மாலை 4.20

கோத்தகிரியில் பிறந்து வளர்ந்து, திருமணமாகி லாஸ்பேட்டைக்கு வந்தவள் நான். உப்பனாறு அண்ணனுக்கு ஒரு வார்த்தை. முந்திரி தோப்போடு நின்றது. பைன் நிற்காது.

எங்கள் மலையில் மேலே புல்வெளி, பள்ளங்களில் சோலைக்காடு. வெளியூர்க்காரர்கள் அந்தப் புல்வெளியை 'வெறும் நிலம்' என்று நினைத்துத்தான் மரம் நட்டார்கள். யூகலிப்டஸ், வாட்டில் என்னும் ஆஸ்திரேலிய வேல மரம், மெக்சிகோவின் பட்டுலா பைன். பட்டுலாவின் ஊசி நீளமாகத் தலைமயிர்போலத் தொங்கும், பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. சிறுமியாக இருந்தபோது அதன் காய்களைக் கோணியில் பொறுக்கி அடுப்புக்குக் கொண்டுவருவோம். ஆனால் அதற்கடியில் புல் முளைக்காது. ஊசி மெத்தைபோல உதிர்ந்து கிடக்கும், மழை பெய்தாலும் காலுக்கடியில் காய்ந்த சத்தம் கேட்கும். எங்கள் வீட்டுக்கு மேலே பாட்டி காலத்தில் கோடையிலும் ஓடிய ஓர் ஊற்று, நான் பள்ளி முடிக்கும்போது மாசி மாதத்திலேயே நின்றுவிட்டது. அதற்குப் பைன் மட்டும் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். தேயிலையும் வீடுகளும் கூடத்தான் பெருகின. ஆனால் விதைக்கு இறகு இருக்கிறது. நட்ட இடத்தைத் தாண்டிப் புல்வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கன்று முளைப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீலக்குறிஞ்சி பூப்பது அந்தப் புல்வெளியில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாட்டிலோடு ஒப்பிட்டால் பைன் சாது. பழைய பைன் தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் மெல்லத் தலைதூக்குவதும் உண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்தால் அந்த வெட்டவெளியில் வாட்டில்தான் வந்து உட்காரும். 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவித் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டபோது எங்கள் ஊரில் பேசிக்கொண்டதும் இதைத்தான்: எதை, எந்த வரிசையில், எப்படி எடுப்பது.

பழைய வாத்தியார் | சனி, மாலை 6.00

அம்மா சொன்ன ஊற்றுக் கதையைத் தென்னாப்பிரிக்கர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். கேப் பகுதியில் அவர்களுடைய மலைகளில் ஃபின்போஸ் என்னும் குட்டைப் புதர்க்காடு. அதன்மேல் பைன் நட்ட நீர்ப்பிடிப்புகளில் ஓடைநீர் குறைந்ததைப் பல்லாண்டு பதிவுகள் காட்டின. 1995இல் அரசே ஒரு திட்டம் தொடங்கியது: வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுத்து, பைன் முதலான அயல் மரங்களை மலைகளிலிருந்து வெட்டி எடுப்பது, தண்ணீரை மீட்பது. உப்பனாறு தம்பி புகழ்ந்த அதே நியூசிலாந்திலும், வட அமெரிக்காவின் காண்டார்ட்டா பைன் தோட்டத்தை விட்டுத் தப்பியோடி உயரப் புல்வெளிகளை மூடுகிறது. ஹெலிகாப்டரில் போய் அழிக்கிறார்கள். வாழவைத்த மரமும் விரட்டுகிற மரமும் ஒரே குடும்பம், ஒரே நாடு.

சொந்த ஊரிலும் பைன் எப்போதும் நல்ல பிள்ளை அல்ல. உத்தராகண்டில் சீர் பைன் இயற்கையாகவே இருக்கும் மரம். பிசின் இறக்க, தண்டவாளக் கட்டை அறுக்க என்று ஆங்கிலேய வனத்துறை அதைப் பேணிப் பெருக்கியது. தழையும் தண்ணீரும் தரும் ஓக் மரம் ஒதுங்கியது. 1921இல் குமாவுன் மக்கள் காட்டுச் சட்டங்களை எதிர்த்துப் பைன் காடுகளுக்குத் தீ வைத்தார்கள். இன்றும் ஒவ்வொரு கோடையிலும் அங்கே காட்டுத்தீச் செய்தி வரும்போது, அடியில் எரிவது பெரும்பாலும் உதிர்ந்த சீர் ஊசிதான்.

படத்தைப் பார்த்தேன், தம்பி. சொல்ல வருத்தமாக இருக்கிறது. நீங்கள் மடியில் வைத்துக் கொண்டுவந்தது பைன் அல்ல.

கெடிலக்கரை | சனி, மாலை 6.12

ஐயா! பிறகு என்ன அது?

பழைய வாத்தியார் | சனி, மாலை 6.40

அரௌகேரியா. நம் ஊரில் கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் வைத்து விற்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கும் பைன் பட்டம் உண்டு, குக் பைன், நார்ஃபோக் தீவுப் பைன் என்று. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். நார்ஃபோக் என்று விற்கப்படுவது பெரும்பாலும் குக் தான். ஊசியிலை மரம் என்பது சரி. ஆனால் பைன் குடும்பம் அல்ல, பூமியின் தென் பாதியைச் சேர்ந்த தெற்கத்திக் குடும்பம். உலகில் ஏறக்குறைய 20 அரௌகேரியா இனங்கள், அவற்றில் பாதிக்கும் மேல் பசிபிக் கடலில் நியூ கலிடோனியா என்ற ஒரே தீவுக்கூட்டத்தில்.

1774இல் கேப்டன் குக்கின் கப்பல் அந்தப் பக்கம் போனபோது, தொலைவில் தெரிந்த இந்த மரங்களைப் பார்த்துக் கப்பலில் இருந்த அறிஞர்கள் கருங்கல் தூண்கள் என்று வாதாடினார்கள். குக்கோ மரம்தான் என்றார். அவரே வென்றார்.

வானூரான் | சனி, இரவு 8.30

நியூ கலிடோனியா 1853 முதல் பிரெஞ்சு நாடு. புதுச்சேரியிலும் பிரெஞ்சுக்காரர்கள். பழைய தேவாலய வளாகங்களில் இந்த மரம் நிற்பதற்கு அதுதானே காரணம்? கப்பலில் வந்திருக்கும்!

குன்றும்குளிரும் | சனி, இரவு 8.44

அப்படியென்றால் ஊட்டியிலும் பெங்களூரிலும் நிற்பவற்றைக் கொண்டுவந்தது எந்தப் பிரெஞ்சுக்காரர்? அலங்காரச் செடி வணிகம் எல்லா ஊருக்கும் ஒரே கப்பலில்தான் வந்தது. கதை அழகாக இருப்பதற்காக நம்பிவிட முடியுமா?

வானூரான் | சனி, இரவு 8.50

சரி, அந்தக் கதையை வாபஸ் வாங்குகிறேன். வேறு கதை சொல்கிறேன், இது கல்லில் எழுதியது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவக்கரை. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைப் பார்க்கக் கூட்டம் நெரியும். அதே ஊரில் கல்மரப் பூங்கா இருக்கிறது. அங்கே ஈ காக்கை இருக்காது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஆண்டு வளையம், கணு, பட்டை எல்லாம் தெரியும், தட்டினால் மட்டும் கல் ஓசை. கிளையோ வேரோ இல்லை. பழைய ஆறு ஒன்று எங்கிருந்தோ உருட்டிக்கொண்டுவந்து மணலில் புதைத்த அடிமரங்கள் என்கிறார்கள். அந்த மணல் இறுகித்தான் மணற்கல் ஆனது. அதற்குப் பெயரே 'கடலூர் மணற்கல்'. நம் கேப்பர் மலையும் அதே பாறைதான். அங்கே கிடப்பவற்றில் ஊசியிலை மரம் ஏதாவது உண்டா, வாத்தியார் ஐயா?

பழைய வாத்தியார் | ஞாயிறு, காலை 6.20

இந்தக் கேள்விக்காகத்தான் இரவு தூங்காமல் பழைய குறிப்பேடுகளைத் தேடினேன். உண்டு!

பெரும்பாலானவை பூக்கும் மரங்கள். மா, குங்கிலிய மரக் குடும்பம், புளியின் உறவுகள். ஆனால் ஓர் ஊசியிலை மரமும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன திருவக்கரைக் கல்மரத் துண்டு ஒன்றை ஷ்லைடன் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் ஆராய்ந்து பெயரிட்டார். 1931இல் பீர்பால் சாஹ்னி அதை மறுபடி பார்த்து 'மெசெம்பிரியாக்சிலான் ஷ்மிடியானம்' என்று வகைப்படுத்தினார். பெயர் வாயில் நுழையாது, விட்டுவிடுங்கள். விஷயம் இதுதான்: அது பைன் அல்ல, பொடோகார்ப்பஸ் சாதி. மறுபடியும் தெற்கத்திக் குடும்பம்.

இப்போது இதைச் சேர்த்துப் பாருங்கள். தென்னிந்தியாவில் இயற்கையாக இன்றும் உயிரோடு இருக்கும் ஊசியிலை வகை மரம் ஒன்றே ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில், அகத்தியமலைப் பக்கத்து மழைக்காடுகளில் ஒளிந்து நிற்கும் நாகேயா வாலிச்சியானா. அதுவும் பொடோகார்ப்பஸ் குடும்பம்தான். ஊசிகூட இல்லை, இலை அகலமாக மூங்கில் இலைபோல இருக்கும். பக்கத்தில் நின்றாலும் பைனுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். திருவக்கரையில் கல்லான மரத்தின் குடும்பத்தில் தெற்கே உயிரோடு எஞ்சிய ஒரே வாரிசு, கொடைக்கானல் பைன் காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் யாருக்கும் தெரியாமல் அகத்தியமலையில் இருக்கிறது. 35 வருடம் பாடம் நடத்தியும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் நான் சொன்னதில்லை. வானூராருக்கு நன்றி.

செம்மண்மேடு | ஞாயிறு, காலை 9.00

பெயர்க் குழப்பத்துக்கு என் பங்கு. நாட்டு மருந்துக் கடையில் தேவதாரு கேட்டால் இமயமலைத் தேவதாருக் கட்டை தருவார்கள். அது பைனின் பங்காளி. ஆனால் நம் பக்கத்துப் புதர்க்காட்டில் செம்புளிச்சான் என்றொரு சின்ன மரம் இருக்கிறதே, அதற்கும் தேவதாரு என்று பெயர். கட்டை சிவந்து மணக்கும். காய் சிவப்பாக, சிறுவர்கள் தின்பார்கள். இமயத்துக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. மணக்கிற கட்டைக்கெல்லாம் பெரிய இடத்துப் பெயர் வைத்துவிடுவது நம்மவர்களும் செய்ததுதான். வெள்ளைக்காரர்களை மட்டும் சொல்வானேன்.

உப்பனாறு | ஞாயிறு, காலை 9.35

சரி, தோற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேள்வி பாக்கி இருக்கிறது: உண்மையான பைனைக் கடலூரில் வைத்தால் வருமா வராதா? கரீபியப் பைன் கடல் மட்டத்திலேயே, நம்மைப்போலப் புயல் அடிக்கிற ஊர்களில் வளர்கிற மரம். குளிர் வேண்டும் என்ற வாதம் அங்கேயே அடிபடுகிறதே.

பழைய வாத்தியார் | ஞாயிறு, காலை 10.10

நல்ல கேள்வி. வெயில் மட்டும் தடை அல்ல, மண்ணுக்கடியில் ஒரு துணை வேண்டும். பைன் வேரில் சில பூஞ்சைகள் உறைபோலப் படர்ந்து, அதற்கு மண்ணிலிருந்து பாஸ்பரஸ் எடுத்துக் கொடுக்கும். பைன் இல்லாத நாட்டில் அந்தப் பூஞ்சையும் இருக்காது. போர்ட்டோ ரிக்கோ கரீபியத் தீவுதான், அங்கேயே பைன் இயற்கையாகக் கிடையாது. கொண்டுபோய் நட்ட கன்றுகள் மஞ்சளாகி நின்றுவிட்டன, பல முறை. 1950களில், பைன் காட்டின் மண்ணைக் கொஞ்சம் எடுத்துவந்து வேரடியில் போட்டபிறகுதான் மரம் எழுந்தது. மரத்தைக் குடியேற்றியவர்கள் தெரிந்தோ தெரியாமலோ அதன் மண்ணையும் கூடவே கொண்டுபோயிருக்கிறார்கள். மறுவீட்டுக்குப் பெண்ணோடு சீர்வரிசை போவதுபோல.

சவுக்கும் அப்படித்தான் வந்தது. அதன் சொந்த ஊர் அந்தமான் தொடங்கி பர்மா, மலேயா, வட ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள். சோழமண்டலக் கரைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில், ரயிலுக்கும் அடுப்புக்கும் விறகாக. அதன் வேர் முண்டுகளில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் இருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. அதனால்தான் வெறும் கடல் மணலிலும் நிற்கிறது.

சவுக்குத்தோப்பு | ஞாயிறு, காலை 11.00

நாற்றங்காலில் பழைய தோப்பின் வேர் முண்டை நசுக்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றுவோம். அப்பா சொல்லிக்கொடுத்தது. காரணம் இப்போதுதான் தெரிகிறது.

அயல் மரம் என்று சவுக்கையும் திட்டுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு நம் மாவட்டக் கரையில்தான் ஆராய்ந்தார்கள். மாங்குரோவ் காட்டுக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இல் எழுதினார்கள்.

செம்மண்மேடு | ஞாயிறு, காலை 11.25

அதே தோப்பு மணல்மேட்டின் அடம்பங்கொடியையும் இராவணன் மீசையையும் விரட்டிவிடுகிறது. ஆமை முட்டையிட வரும் கரையில் தண்ணீர் ஓரம்வரை சவுக்கு நட்டால் ஆமைக்கு இடம் ஏது? எங்கே நடுவது என்பதில்தான் சண்டை, அண்ணா. உங்கள் பட்டா நிலத்தில் யார் கேட்கப்போகிறார்கள்?

இழைப்புளி | ஞாயிறு, மதியம் 2.45

இரண்டு நாளாக வாசிக்கிறேன். முதலியார்பேட்டையில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். எல்லோரும் கடலூரில் பைன் உண்டா என்று கேட்கிறீர்கள். டன் கணக்கில் இருக்கிறது. உயிரோடுதான் இல்லை.

வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வரும் பெட்டி, அதற்கடியில் வைக்கும் பலகைத் தட்டு எல்லாம் பெரும்பாலும் பைன். தொழிற்சாலைகள் அதைப் பழைய மரமாக விற்கும். நாங்கள் வாங்கி, ஆணி பிடுங்கி, இழைத்து, மேசை அலமாரி செய்கிறோம். வெளிர் மஞ்சள், நடுநடுவே பழுப்புக் கணு. இழைத்தால் டர்பன்டைன் வாசனை வரும், அதுவே அதன் பிசினில் வடிப்பதுதானே. தேக்குக்கு முன் நிற்காது, கரையான் விரும்பித் தின்னும். காப்பிக் கடைக்காரர்களுக்கு மட்டும் அதன் கணுமேல் ஏன் இவ்வளவு காதல் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தப் பலகையில் ஒரு முத்திரை இருக்கும். கோதுமைக் கதிர் படம், நாட்டுக் குறியீடு, எச்.டி. என்ற எழுத்து. பலகையின் உள்நடு வரை 56 பாகை சூட்டில் அரை மணி நேரம் வைத்தது என்று பொருள். எதற்கு என்று வாத்தியார் ஐயா சொல்வார்.

பழைய வாத்தியார் | ஞாயிறு, மாலை 3.30

நூற்புழுவுக்காக. வட அமெரிக்கப் பைன்களுக்குள் பெரிய தொல்லை தராமல் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு அது. மரத்தோடு ஜப்பானுக்குப் போனது. அங்கே பைன்கள் கொத்துக் கொத்தாகப் பட்டுப்போயின. 1999இல் போர்ச்சுகலில் கண்டுபிடித்தார்கள். இதுவும் இதுபோல மரத்தில் ஒளிந்து வரும் பூச்சிகளும் பரவிவிடக்கூடாது என்பதற்காகத்தான் உலகம் முழுவதும் பெட்டிப் பலகையைச் சூடேற்றுகிறார்கள்.

நெறியாளர் | ஞாயிறு, மாலை 5.00

இழை நீள்கிறது, மகிழ்ச்சி. முந்திரி விலை பற்றிய மூன்று பதிவுகளை வேளாண்மைப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன்.

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. மூன்று கன்றுகளும் அரௌகேரியாதான் என்று மாமாவிடம் சொன்னேன். "ஆக, உன்னுடையதும் பைன் இல்லை, என்னுடையதும் பைன் இல்லை" என்று வெற்றி பெற்றவர்போலச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் படித்த பள்ளியின் முற்றத்தில் இதேபோல உயரமான மரம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். தானே புயலில் சாய்ந்தது என்றுதான் எல்லோரும் சொல்வோம். இன்று மாலை மகளோடு போய்ப் பார்த்தேன். அது தெற்கே சாய்ந்திருக்கிறது. இதற்கும் ஏதாவது காரணம் உண்டா, ஐயா?

பழைய வாத்தியார் | ஞாயிறு, இரவு 8.40

உண்டு, வேடிக்கையான காரணம். குக் பைன் எங்கே நட்டாலும் நிலநடுக்கோட்டைப் பார்த்துச் சாய்கிறது. ஐந்து கண்டங்களில் அளந்து 2017இல் எழுதினார்கள். சராசரியாக எட்டரைப் பாகை. வட பாதியில் தெற்கே, தென் பாதியில் வடக்கே. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகச் சாய்வு கூடும். நாம் 12 பாகைக்குள் இருப்பதால் நம் ஊரில் குறைவாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் பள்ளி மரம் மிக அதிகமாகச் சாய்ந்திருந்தால் புயலுக்கும் பங்கு கொடுத்துவிடுங்கள்.

கன்றுகள் நம் வெயிலில் பிழைக்கும், கவலை வேண்டாம். சுவருக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், மூன்று மாடி உயரத்தையும் தாண்டிப் போகும்.

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 9.25

ஒன்றைக் கொல்லையில் நட்டு, மற்ற இரண்டையும் தொட்டியில் வளர்க்கப்போகிறோம்.

இழைப்புளி அண்ணா எழுதியதைப் படித்தபிறகு மகளின் படிப்பு மேசை நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் புதுச்சேரியில் வாங்கியது, வெளிர் மஞ்சள், பழுப்புக் கணு. தலைகீழாகப் புரட்டிப் பார்த்தோம். அடிப் பலகையில், இழைக்காமல் விட்ட இடத்தில், பாதி அழிந்த கோதுமைக் கதிர். பக்கத்தில் என்.இஸட். என்று இரண்டு எழுத்து, கீழே எச்.டி. மகள் டார்ச் விளக்கோடு அதற்கடியில் படுத்துக்கொண்டு கணுக்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பதினொன்று வரை வந்திருக்கிறாள்.